ஆடிக்கூழுக்கு இரண்டு லைக்

இன்று ஆடிப்பிறப்பு. எங்கள் ஊர் முகநூல் குழுவில் காலையிலிருந்தே கூழ்க் கதைதான்.

நானும் ஒரு பதிவு போட்டேன். வறுத்த அரிசிமா எத்தனை சுண்டு, பனங்கட்டி எவ்வளவு, தேங்காய்ச் சொட்டு எப்போது போடுவது என்று வரிசையாகத் தாளில் எழுதி, மூன்று முறை சரிபார்த்து, அந்தத் தாளைப் படம் எடுத்துப் போட்டேன்.

இரண்டு லைக். அதில் ஒன்று குசினியில் அடுப்போடு நின்ற என் மனைவியுடையது.

பின்னேரம், கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க் குகன் ஒரு கோப்பைக் கூழைப் படம் எடுத்துப் போட்டான். பலாவிலையைக் கோலிக் குடிப்பதை விட்டுக் கரண்டி வைத்திருந்தான். ஒரு மணித்தியாலத்தில் இருநூறு லைக்.

படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “குகன், வாயூறுது. எனக்கும் ஒரு கோப்பை அனுப்பிவிடடா!”

‘கூழில் கட்டி தெரிகிறது’ என்று கீழே எழுதினேன். அழித்தேன். திரும்பவும் எழுதி, திரும்பவும் அழித்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, அவன் கூழைக் காட்டினவன். நீங்கள் சோதனைப் பேப்பரையல்லோ காட்டினனீங்கள்.”

அப்போது குகன் இன்பொக்ஸில் வந்தான். “அண்ணை, உங்கடை அளவை வைச்சுத்தான் காய்ச்சினனான். இவ்வளவு நல்லா வருமெண்டு நினைக்கேல்லை. பெரிய நன்றி.”

இதை அந்தப் படத்துக்குக் கீழே எழுதினால் என்ன? கேட்கத் துணிவு வரவில்லை. “பரவாயில்லை தம்பி” என்று எழுதிவிட்டு, அவனுக்கு இருநூற்றோராவது லைக்கையும் போட்டேன். அந்தக் கட்டி என் அளவால் வந்ததோ என்ற யோசனை வேறு.

நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கே கீழேயே எழுதுங்கள். தயவுசெய்து ஒருவரும் இன்பொக்ஸுக்கு வரவேண்டாம்.