அமைதியான கடலில் அடித்த வாடை

நான் பணியாற்றிய தோணிக் கம்பெனி நொடித்துவிட்டது என்பதை எங்கள் மேனேஜர் ஒரு திங்கட்கிழமை காலையில், சரக்குக் கொட்டகையில் நின்றபடி, டைப் அடித்த தாளைப் பார்த்துப் படித்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அதற்கு முன்பெல்லாம் தூத்துக்குடிக்கு வரும் கப்பல்கள், கரையோரம் ஆழம் போதாமையால், சில மைல் தள்ளியே நங்கூரமிடும். எங்கள் தோணிகள் சென்று சரக்கை இறக்கி வரும். புதிய துறைமுகத்தில் கப்பல்கள் கரையையே அணையத் தொடங்கியபின் தோணிக்கு யார் காத்திருப்பார்கள்? ஒரே ஒரு கப்பல் ஏஜெண்டு மட்டும், அங்கு இடம் கிடைக்காத உரக் கப்பல்களை எங்களிடம் விட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எங்களிடம் கேட்டவை இரண்டு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். போனஸை மறந்துவிட வேண்டும். இசைந்தால் கம்பெனி ஓராண்டு நடக்கும். இல்லையேல் மாத இறுதியில் பூட்டு.

நான் அங்கே டாலி கிளார்க். இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவன். அன்றன்றைய காற்றையும் வேலையையும் பதியும் லாக் புத்தகம் எழுதுவதும் என் பொறுப்பே. அதில் ஒரு சொல் மிகாமலும் பொய் கலவாமலும் எழுதுகிறவன் என்னும் செருக்கு என் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டில் மூன்று பெண்மக்கள். செருக்கைக் கொண்டு உலை வைக்க இயலாது.

கூட்டம்

மறுநாள் மாலை தோணிக்காரர், சுமைகாரர், கிளார்க்குகள் என இருபது பேர் மேனேஜர் முன்னிலையில் கூடினோம். யாரும் வாய் திறக்காததால் நான் எழுந்தேன். ஏறத்தாழ அரைமணி நேரம், பிழையற்ற தமிழில், இக்கட்டில் கம்பெனியைக் கைவிடுவது மனிதப் பண்பன்று என்று முழங்கினேன். அவ்வேளை என் சட்டைப்பையில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இண்டர்வியூவுக்கு வருமாறு புதிய துறைமுக அலுவலகம் அனுப்பிய கடிதம் இருந்தது. பேசும்போது நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன். உணர்ச்சிப் பெருக்கு என்று பிறர் எண்ணியிருக்கக்கூடும். கடிதம் வெளியே நீட்டிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். எங்கள் மூத்த தண்டல் சூசை என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் கிளார்க் என்னும் மரியாதைக்கு என்னை அண்ணாச்சி என்பார். "அண்ணாச்சி சொல்லுதது நியாயந்தான்" என்று அவர் கையை உயர்த்தினார். இருபது கைகளும் உயர்ந்தன. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தனை பேசிய பிறகு வெள்ளிக்கிழமைக்கு எப்படி விடுப்புக் கேட்பது? மாமனாரை ஏற்கெனவே இருமுறை சாகடித்திருந்தேன். விடுப்புக் கடிதம் லாக் புத்தகம் ஆகாது என்பது என் கொள்கை. மூன்றாம் முறை சாகடிக்க மேனேஜர் இடந்தர மாட்டார்.

வெள்ளிக்கிழமை

தோணி கடலில் இறங்குவதா வேண்டாமா என்பதைத் தண்டல் மட்டுமே தீர்மானிப்பார். வாடைக் காற்று என்று அவர் சொல்லிவிட்டால் முதலாளியும் மறுத்துப் பேசுவதில்லை. உயிர் தொடர்பானது அல்லவா. கிளார்க் லாகில் எழுத, மேனேஜர் கையெழுத்திடுவார். அன்று வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் நான் கரைக்குச் சென்றபோது கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய்போல் கிடந்தது. உரக் கப்பல் தொலைவில் காத்து நின்றது. சூசை சலவைச் சட்டை அணிந்து, தலையைப் படிய வாரியிருந்தார். வடக்கே சற்றுநேரம் பார்த்துவிட்டு, "வாடை கெளம்பிட்டு. இன்னைக்குத் தோணி போவாது. எழுதும் அண்ணாச்சி" என்றார்.

என் வேட்டி நுனிகூட அசையவில்லை. இருபது பேரில் ஒருவரும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'கடும் வாடை, தோணி செல்லவில்லை' என்று எழுதினேன். 'கடும்' என் சொந்தச் சரக்கு. மேனேஜர் கண்ணாடியைக்கூட எடுக்காமல் கையெழுத்திட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பத்து மணிக்குத் துறைமுக அலுவலகத்து வராந்தாவில் எங்கள் கம்பெனி முழுவதும் வரிசையில் நின்றது. கடைசியில், ஒரு தூணுக்குப் பின்னால், மேனேஜர்.

"நீரு எங்கவே இங்கன?" என்றார் என்னிடம்.

புதுத் துறைமுகத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

"நாங்களும் பாக்கத்தான் வந்தோம், சர்டிபிகேட்டோட" என்றார் சூசை.

என் முறை வந்தது. அதிகாரி என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, வெளியே நிற்கும் உரக் கப்பலில் இன்று ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் லாகில் நான் எழுதியது பொய்யென்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது?

"கடும் வாடை, ஐயா."

அவர் பின்னால் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தார். நானும் பார்த்தேன். கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"லாக் எழுதுறது யாரு?"

"நான்தான், ஐயா."

போகலாம் என்றார்.

அடுத்து உள்ளே சென்ற சூசையிடமும் அதே கேள்வி. "காத்தெல்லாம் இல்ல ஐயா. எல்லாரும் இங்கன வரணும்லா, நாந்தான் நிறுத்திப் போட்டேன்" என்றாராம். அதிகாரி சிரித்துவிட்டு, இங்கும் அப்படி நிறுத்துவீரா என்று கேட்டிருக்கிறார். கம்பெனி ஒழுங்காக நடந்தால் எவன் நிறுத்துவான் என்பது சூசையின் பதில். துறைமுகத்தின் மோட்டார் படகான லாஞ்சில் அவருக்கு வேலை கிடைத்தது. மேனேஜருக்குக் கிடைக்கவில்லை, அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்று அமைதியான கடலைப் பார்த்த இன்னொருவர் எங்கள் ஏஜெண்டு. சனிக்கிழமையே அந்தக் கப்பலை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். நாங்கள் ஒருமனதாய்க் காப்பாற்றிய கம்பெனி அம்மாதமே மூடப்பட்டது.

எனக்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சூசையிடம் குறைபட்டேன். அவர் சற்றுக் கூச்சத்துடன், "அன்னைக்கு அம்புட்டுப் பேசினீரே அண்ணாச்சி. எவன் போனாலும் நீரு போகமாட்டீருன்னு நம்பிட்டோம். உமக்குத் தெரியாமத்தான் வந்தோம்" என்றார்.

ஆறு மாதம் வீட்டில் இருந்தபின் ஓர் உப்பள அலுவலகத்தில், பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். நொடிக்கும் நிறுவனத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: இருப்பதானால் இருங்கள், போவதானால் போங்கள், இடையில் எழுந்து சொற்பொழிவு ஆற்றாதீர்கள். சூசை இன்று பென்ஷன் வாங்குகிறார். நான் கட்டுரை எழுதுகிறேன்.