ஹெல்மெட் கழற்றிய முகம்

என் மனைவி துணை ராணுவத்தில் இருக்கிறாள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் இருக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அவள் லீவில் வந்த நாட்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வீட்டில் நாங்கள் இருந்தது ஆறேழு மாதம் தேறினால் அதிகம்.

மாடல் செய்வது எனக்குப் பழைய பழக்கம். டாங்க், ஜீப், ஹெலிகாப்டர் என்று பிளாஸ்டிக்கில் சிலவற்றைச் செய்து அலமாரியில் வைத்திருந்தேன். அம்மா அவற்றைப் பொம்மை என்றுதான் சொல்வாள், ஆனால் தூசி தட்டும்போது ஒன்றையும் உடைத்ததில்லை. மனித உருவம் மட்டும் நான் செய்ததே இல்லை. முகத்துக்குப் பயந்தேன் என்பதுதான் உண்மை.

போன பிறந்த நாளுக்கு அவள் ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். திறந்தால் உள்ளே ஒரு வெளிநாட்டுச் சிப்பாய், துண்டு துண்டாக: உடம்பு, கால்கள், கைகள், தலை தனி, ஹெல்மெட் தனி, துப்பாக்கி தனி. எல்லாம் வெளிர் சாம்பல் நிற ரெசினில் வார்த்தவை. ஒட்டி நிறுத்தினால் ஒரு சாண் உயரம் வருவான். அவளோடு வேலை செய்யும் ஒருத்தியின் தம்பிக்கும் இந்தப் பைத்தியம் உண்டாம். அவனிடம் கேட்டு ஆர்டர் போட்டிருக்கிறாள். துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று போனில் சிரித்தாள்.

அவன் எனக்கு எதற்கு, இதில் உன்னைத்தான் செய்யப் போகிறேன் என்றேன்.

"அவன் தோள பாத்தியா மாமா? அதுல என்ன மாதிரி ரெண்டு பேர உக்கார வெக்கலாம்."

துண்டுகளை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தேன். காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, தண்ணீரில் தொட்டுத் தொட்டு அரத்தால் ராவுவேன். தோளைக் குறைத்தேன், கழுத்தை மெலிதாக்கினேன், கை விரல்களைச் சிறிதாக்கினேன். மார்பையும் இடுப்பையும் என்ன செய்வது என்று தெரியாமல் அவளிடமே கேட்டேன். புல்லட் புரூஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றுதான், அதில் கை வைக்காதே என்றாள்.

யூனிஃபார்மில் துப்பாக்கியோடு எடுத்த படத்தை வெளியே அனுப்பக் கூடாது. அது அவர்களுக்குக் கண்டிப்பான விதி. அதனால் எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதுவரை எங்கள் போன் பேச்சு, சாப்பிட்டாயா, அங்கே மழையா, அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா என்பதோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாது. இப்போது எனக்குக் கேட்க நிறைய இருந்தது. துப்பாக்கி வார் எந்தத் தோளில்? நிற்கும்போது எந்தக் காலில் பாரம்? பாக்கெட்டில் என்ன வைத்திருப்பாய்?

அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொள்ளவில்லை, அப்படியே மனதில் நின்றது. மணிக்கணக்கில் நின்றால் வலது முட்டி விட்டுப்போகும், அதனால் இடது காலில் பாரத்தைப் போட்டு வலதைச் சற்று மடக்கித் தளர்த்திக்கொள்வாளாம். ஜாக்கெட் தோள்பட்டை எலும்பில் உராய்ந்து புண்ணாகிறது, கைக்குட்டையை நான்காக மடித்து அடியில் வைத்துக்கொள்வாளாம். பூட்ஸில் இருப்பதிலேயே சின்ன சைஸும் அவள் காலுக்குப் பெரிது, ஆகவே இரண்டு சாக்ஸ். இதையெல்லாம் ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அரம் பிடித்த கை அசையவில்லை.

"இன்னா மாமா, லைன் போயிட்ச்சா?"

"இல்ல, கீறேன். சொல்லு."

மறுநாள் அந்தச் சிப்பாயின் காலை இடுப்பிலும் முட்டியிலும் அறுத்து, கம்பி செருகி, அவள் சொன்னபடி மடக்கி ஒட்டினேன். இடைவெளியை, பிசைந்து வைத்தால் கல்லாக இறுகிவிடும் எபாக்சி புட்டியால் அடைத்தேன். அதுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன் போய், வேலை செய்து களைத்த ஓர் ஆள் நின்றாள். புட்டியைக் காகிதம்போலத் தேய்த்து ஒரு கைக்குட்டை செய்து, அதன் ஓரம் மட்டும் தெரியும்படி ஜாக்கெட் பட்டைக்கு அடியில் செருகினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, அது என்ன வெள்ளையாக என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த முறை மருமகள் பேசும்போது அம்மா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியில் எங்களுக்குப் பளபளப்புதான் எல்லாம். பம்பரில் விழும் டியூப்லைட் வெளிச்சம் கோடு கோணாமல் தெரிய வேண்டும். இங்கே நேர்மாறு. துணி துணியாகவே தெரிய வேண்டும், எங்கும் மினுங்கக் கூடாது. சின்ன ஏர்பிரஷ்ஷில் நிழலுக்கு ஒரு பச்சை, மடிப்பின் மேட்டுக்கு ஒரு பச்சை என்று அடித்து, அதன்மேல் நுனிப் பிரஷ்ஷால் யூனிஃபார்ம் திட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். ஹெல்மெட்டைத் தலையில் வைக்காமல் கழற்றிக் கையில் கொடுத்தேன். முகம் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. தாடையை ராவி, மூக்கைச் சிறிதாக்கி, புட்டியில் கொண்டை வைத்து, எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்து ஆயில் பெயின்டில் முகத்தை வரைந்தேன். மஞ்சள் கலந்த மாநிறம், உருண்ட கன்னம். பயந்த அளவுக்கு மோசமில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் லீவில் வந்த அன்று குளித்துச் சாப்பிட்டு முடித்தபிறகுதான் மேசைப் பக்கம் வந்தாள். குனிந்து பார்த்தாள். பூட்ஸ், முட்டி, கைக்குட்டை எல்லாவற்றையும் பார்த்தாள். கைக்குட்டையை விரலால் தொடப்போய் தொடாமல் விட்டாள். முகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு மாமா இது?"

நீதான் என்றேன். கல்யாணப் படத்தைக் காட்டினேன்.

"அவ எப்பவோ போயிட்டா. என்ன பாரு."

நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். ஹெல்மெட் மறைக்கும் மேல் நெற்றி பழைய நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டதுபோலக் கறுத்திருந்தது. தாடைக்கு இருபுறமும் வார் பட்ட தடம். கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வண்டியில் கூட்டிவந்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இதில் ஒன்றையும் நான் பார்த்திருக்கவில்லை.

அந்த முகத்தை அழித்துவிட்டு வேறு போட வேண்டும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து எடுத்தேன். கை போகவில்லை. எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து வரைந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது கல்யாணத்தன்று தலை குனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். பக்கத்தில் நின்றவள் பஞ்சை என் கையிலிருந்து வாங்கினாள்.

"குடு, நா தொடைக்கிறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

நெற்றியிலிருந்து தொடங்கிப் பொறுமையாகத் துடைத்தாள். குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல இருந்தது. சாம்பல் நிற ரெசின் தெரிந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த லீவில் காலை வெயில் ஏறுவதற்கு முன் தினமும் கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்தோம். முதலில் இருவருக்கும் கூச்சம். ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவள் சிரித்துவிடுவாள், நான் பிரஷ்ஷை எடுத்துவிடுவேன். பிறகு பழகிவிட்டது. கன்னத்தை அரத்தால் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கறுப்பை நேராகப் பூசினால் அழுக்குபோலத் தெரிந்தது. சிவப்பும் பழுப்பும் கலந்து மெல்ல மெல்ல ஏற்றினால்தான் வெயில் பட்ட தோல் வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"அதையும் போடு. சும்மா வந்துச்சா அது?"

அம்மா கேன்டீன் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள். மருமகள் முகத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பொட்டு வெக்கல நைனா?" என்றாள்.

"வேர்வையில நிக்காது அத்த," என்றாள் அவள்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். போகிற போக்கில் அவள் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

பூட்ஸுக்குச் சேறு போடுவது மட்டும் மிச்சம். எங்கள் ஏரிக்கரை மண்ணை மனதில் வைத்துச் செம்பழுப்பாகக் கலந்தேன். அவள் காவல் நிற்கும் இடத்தில் மண் அப்படி இல்லை, ஈரத்தில் கறுப்பு, காய்ந்தால் சாம்பல்போல வெளுத்துவிடும் என்றாள். பிரஷ்ஷை அவளிடமே கொடுத்தேன். அதற்குமுன் அவள் பிரஷ் பிடித்ததில்லை. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, உள்குதிகாலில் அதிகமாகவும் முன்னால் கொஞ்சமாகவும் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஏன் உள்குதிகாலில் என்று கேட்டேன். ரோந்து போகையில் ஆற்றங்கரையில் இறங்கும்போது அப்படித்தான் கால் வைப்போம் என்று, எழுந்து நின்று, அறைக்குள்ளேயே நாலடி இறங்கிக் காட்டினாள். உடம்பு முழுக்க அந்தக் கரையில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லீவு முடிந்து அவளை சென்ட்ரலில் ரயிலேற்ற கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் வண்டியில் போனோம். மத்தியான வண்டி, கூட்டமில்லை. எதிரெதிரே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள். பொன்னேரி தாண்டியதும் என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இன்னா?" என்றேன்.

"நீ மட்டும் தெனம் ஒக்காந்து பாத்த இல்ல? நா பாக்க வேணாமா? அசையாத இரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்திப்பட்டின் உயரமான புகைபோக்கிகள் ஜன்னலில் வந்து போயின. அவள் அவசரமே இல்லாமல் நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எடது புருவத்துல ஒரு நரை கீது. தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன். அவள் கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.