சுவரில் விளைந்த வயல்

பெரிய வயல்காரரான எங்கள் போடியார் தன் மகளுக்குச் சீதனமாகக் கல்வீடு கட்டி முடித்ததும், கூடத்துச் சுவரில் தன் வயலைப் படமாகக் கீறித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கல்முனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். காட்டோரத்து அந்த வயலும் சீதனத்தில் சேர்ந்தது. அக்கரைப்பற்றிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுவரிலேயே பார்த்து வாய் பிளக்க வேண்டுமாம்.

அந்த வயலைச் செய்தவர் என் வாப்பா. போடியாரின் முல்லைக்காரர். விதைப்பு முதல் சூடடிப்பு வரை வயலிலுள்ள காவல் குடிலான வாடியில்தான் கிடப்பார். அவருக்குக் கிடைக்கும் பங்கு நெல்லில்தான் எங்கள் அடுப்பு எரியும்.

ஆளையும் மாட்டையும் நான் கீறவில்லை. உயிருள்ளதைச் சுவரில் வைப்பது எங்கள் மார்க்கத்தில் கூடாது. அதில் எனக்கும் மறுபேச்சில்லை. வாடியைக் கீறினேன். போடியார் முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன தம்பி, பீத்தல் குடிலொண்டு? அழி."

"வாடிக்கு உசிரில்லையே, போடியார்."

"காட்சிக்கு வடிவில்லடா. அதில ஒரு மலையப் போடு. உச்சியில பனி இரிக்கட்டும்."

பனியாம்! பிஸ்கட் டின் மூடியில் கண்ட மலை அது. வாடியை அழித்து அதையே போட்டேன். பனி கொட்டுகிற வயலில் நெல் விளையுமா என்று கேட்க அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வாயில்லை. வந்தவர்களெல்லாம் "மாஷா அல்லாஹ், என்ன வடிவு" என்றார்கள். கரண்டைக்கால் அளவுச் சேற்றில்கூட இறங்காத கூட்டம்.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வீடு பார்க்க வந்த சம்பந்திமார், மறுநாள் வயலையும் பார்க்க வேண்டும் என்றார்கள். போடியாருக்கு வேர்த்துவிட்டது. படத்தில் இல்லாத குடில் வயலில் நின்றால் மானம் போய்விடுமாம்! அன்றே ஆளனுப்பி வாடியைப் பிரித்தெறிந்தார். கதிர் முற்றி நின்ற நேரம்.

"காவல் இல்லாட்டி ஆனை இறங்கிரும், போடியார்," என்று வாப்பா கெஞ்சினார்.

"ஒரு ராவைக்கு ஒண்டும் வராது. நீ ஊட்டுக்குப் போ. அவங்க போனதுக்குப் பொறகு கட்டலாம்."

ஆனைக்கு யார் போய்ச் சொல்வது? சம்பந்திமார் வரம்பில் வந்து நின்றபோது வயல் முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. எல்லோர் முன்னிலையிலும் போடியார் வாப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"காவலுக்கு வெச்ச நீ எங்க போய்க் கிடந்த?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வாய்! வாப்பா குனிந்து மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கத் தொடங்கினார். அந்தப் போகம் எங்கள் வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல்லும் வரவில்லை. அடுத்த போகத்துக்குப் போடியார் வேறு முல்லைக்காரரை வைத்தார். அவரிடம் சொன்ன முதல் வேலை, வாடி கட்டுவது.