உள்ளங்கைக்கு அடங்காத துண்டு

சென்ற வாரம் மரப்பெட்டியைத் துடைப்பதற்காகத் திறந்தபோது அண்ணியின் ஒட்டுப் போர்வையை வெளியே எடுத்துக் கட்டிலில் விரித்தேன். அதில் ஒரே வடிவத்தில் இரண்டு துண்டுகள் கிடையாது. பாப்ளின் பக்கத்தில் சீட்டித் துணி, சீட்டியின் மேல் பட்டு, நடுவில் கருநீல வெல்வெட். ஒட்டுகளின் மேல் தடித்த மஞ்சள் நூல் ஓடுகிறது. மருமகள் எட்டிப் பார்த்து, "மஞ்சள் வேலைப்பாடு ரொம்ப அழகு" என்றாள். அது வேலைப்பாடு அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, எழுதியே விடலாம் என்று தோன்றியது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் துணிக்குக் கட்டுப்பாடு நீங்காத காலம். ராயபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டில், இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். அண்ணன் துறைமுகத்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டுபவர்; அந்த வருடம் கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். நான் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். என் சம்பளம் வாடகைக்குப் போயிற்று. அடுப்பு எரிந்தது அண்ணியின் கைத் தையல் மெஷினால்தான்.

கூப்பனில் அளந்து கிடைத்த துணி என்பதால், தைக்கக் கொடுத்த பெண்கள் மீதித் துணியைத் திரும்பக் கேட்டு வாங்குவார்கள். எங்கள் பக்கத்துத் தையல்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டில் விழும் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கினால் தைப்பவருக்கு. விளிம்பு வெளியே தெரிந்தால் துணி கொடுத்தவருக்கு. விரல்கள் கணக்கில் சேரா. அண்ணி ஒவ்வொரு துண்டையும் இடது உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். அடங்காததை முடிச்சுக் கட்டி, தைத்த உருப்படியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். அடங்கியது மெஷினுக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

அந்த மார்கழியில் கடற்காற்று அண்ணனின் முறிந்த காலைப் பாடாய்ப் படுத்தியது. கம்பளி வாங்க வழியில்லை. டின்னில் இருந்ததையெல்லாம் கொட்டி, கோணல் மாணலாகவே அடுக்கி, அடியில் மாவு மூட்டைத் துணி கொடுத்து, அண்ணி இந்தப் போர்வையைத் தைத்தார். அப்போது மஞ்சள் நூல் இல்லை. அந்தந்தத் துணியின் நிறத்திலேயே நூல் போட்டு, ஒட்டு கண்ணில் படாதபடி தைத்திருந்தார். வெல்வெட்டைத் தடவினால் ஒரு பக்கம் படியும், எதிர்ப்பக்கம் நிமிரும். படியும் திசை மாறாமல் துண்டுகளை இணைத்ததில் தையல் உள்ளே புதைந்து போயிற்று. பிழை பார்ப்பதே தொழிலாகக் கொண்ட என் கண்ணுக்கு அந்த நீலம் ஒரே துண்டாகத்தான் தெரிந்தது. அவருடைய தவறு அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த நேரம். போர்வை முற்றத்துக் கொடியில் வெயிலில் கிடந்தது. கன்னிமடத்து மதர் வந்திருந்தார். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கான வெள்ளைக் கவுன்கள் முழுவதையும் அந்த வருடம் அண்ணியிடம் தருவதாகப் பேச்சு. கோடையைத் தாண்ட எங்களுக்கு அந்த வேலை போதும். துணிக்கட்டு மதரின் மடியில் இருந்தது. அப்போதுதான் மளிகைக் கடைக்காரம்மா உள்ளே வந்தார். தெற்கத்திக்காரர், கடைத்தெருவில் நல்ல செல்வாக்கு உள்ளவர். அண்ணி தைத்துக் கொடுத்த கருநீல வெல்வெட் ரவிக்கையைத்தான் அன்று போட்டிருந்தார். கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என் துணில்லா? மீதிய எங்கன்னு நான் வீடு பூரா தேடுதேன், நீ போர்வை தச்சுக் காயப் போட்டிருக்க."

"மீதிய முடிச்சுல கட்டிக் குடுத்தேனேக்கா. இது வெட்டுல வுயுந்த ஒட்டு."

"ஒட்டா? எங்க இருக்கு, காட்டு. முழுத் துணிய வச்சுக்கிட்டு ஒட்டுன்னு சொல்லுத."

முற்றத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மதர் துணிக்கட்டின் முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை. "முதல்ல இது தீரட்டும்மா, நான் இருக்கேன்" என்றார். சாந்தமாகத்தான் சொன்னார். ஆனால் கட்டை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "நாந்தான் அப்பவே சொன்னேனே, கொஞ்சம் கோணலா தைன்னு. எவன் கேக்குறான்."

"நீ கம்முனு கெட" என்றார் அண்ணி. பிறகு மளிகைக் கடைக்காரம்மாவிடம் முக்காலியைத் தள்ளி, "குந்துக்கா. கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன்" என்றார்.

போர்வையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டார். விரல் நுனியால் வெல்வெட்டை எதிர்த்திசையில் தடவித் தடவி, பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். கடைசியில் நீலம் நான்காகப் பிரிந்தது. பின்கழுத்து வெட்டில் விழுந்த பிறை ஒன்று, முன்கழுத்தின் கால்வட்டங்கள் இரண்டு, அக்குளில் விழுந்த கோணல் முக்கோணம் ஒன்று. நான்கையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து மதருக்குக் காட்டினார். பிறகு எழுந்து மளிகைக் கடைக்காரம்மாவின் பின்னால் போய், அந்தப் பிறையை ரவிக்கையின் கழுத்தில் வைத்தார். மடித்துத் தைத்த அளவு போக, வளைவோடு வளைவு பொருந்தியது.

"மதர், வந்து பாருங்க. இது இந்த ரவிக்கையோட கய்த்துதானே?"

மதர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அதேதான்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் துணிக்கட்டைத் தையல் மெஷினின் மேல் வைத்தார். மளிகைக் கடைக்காரம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து நடந்தார்.

நாலு நாள் கழித்து அவரே வந்தார். கையில் அண்ணி கட்டிக் கொடுத்த முடிச்சு, அவிழ்க்காமலே இருந்தது. "பீரோவுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. நீயே வச்சுக்கிடு."

"உள்ளங்கைய வுட பெருசுக்கா, எனக்கு ஆவாது" என்றார் அண்ணி. அந்தத் துணியில் கடைக்காரம்மாவின் கைக்குழந்தைக்கு ஒரு குல்லா தைத்துக் கொடுத்தார். குல்லா வெட்டில் விழுந்த ஒரு சிறு துண்டை மட்டும் டின்னில் போட்டுக்கொண்டார். பிரித்த நான்கோடு அதையும் இணைத்ததில், போர்வையின் நடுவில் நீலம் இப்போது ஐந்து துண்டுகள். அந்த வாரமே மஞ்சள் நூல் வாங்கி வந்து, போர்வை முழுவதிலும் ஒட்டுகளின் மேல் தையல் ஓட்டினார். "இனிமே தெருக்கோடிலேர்ந்தே தெரியும், போ" என்றார். பார்த்த பெண்கள் சிலர் தங்கள் தலையணை உறைக்கும் அதே மாதிரி மஞ்சள் தையல் கேட்டார்கள். அண்ணி காரணம் சொல்லாமல் போட்டுக் கொடுத்தார்.

என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "ஒரே ஒரு எடத்துல மட்டும் மஞ்சா நூலு போடாம பயேபடி வுட்டு வச்சுகீறேன். பேப்பர்ல பிழை கண்டுபுடிக்கிறியே, இத்த கண்டுபுடி பாக்கலாம்." நானும் அவ்வப்போது பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை. அண்ணி போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

சென்ற வாரம் கண்ணாடியை எடுக்கவில்லை. மருமகள் போன பிறகு, மஞ்சள் எல்லைக்குள் இருந்த ஒவ்வொரு துண்டின் மேலும் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனேன். என் கை அண்ணியின் கையைவிடப் பெரியது. எல்லாம் அடங்கின. இடது மூலைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு போட்ட சீட்டி மட்டும் இரண்டு பக்கமும் என் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கோட்டோடு கோடு தொடர்கிறது, ஒட்டு தெரியவில்லை. ஆனால் ஒட்டு அங்கே இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமில்லை. பிரித்துப் பார்க்காமல் மடித்து வைத்தேன்.