போஞ்சிப் பாத்தியும் மாமாவும்

என் மகளின் உதடுகளில் பச்சைச் சாறு வழிந்துகொண்டிருந்த அந்தக் காட்சி இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளுக்கு அப்போது பத்து மாதம். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இருந்த போஞ்சி என்கிற பீன்ஸ் பாத்தியில், கம்பு நட்டுப் படரவிட்டிருந்த கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கிழிந்த இலை, வாயில் மீதி இலை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். இரண்டு பல் தெரிந்தது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தும் கொடிகளிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சற்று முன்புதான் என் மாமனார் முதுகில் பூச்சிமருந்து டேங்கியோடு அந்தப் பாத்தியிலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்திருந்தேன்.

மாமா வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஏறக்குறைய முப்பது வருடம் மருந்தடிக்கும் வேலை செய்தவர். தேயிலை மலைகளில் புல்லுக்கு அடிப்பது, பூச்சிக்கு அடிப்பது எல்லாம் அவரும் அவரோடு போகும் நாலைந்து பேரும்தான். லயத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; மருந்துக்காரர் என்றால் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகும் கோவா, லீக்ஸ், கிழங்கு என்று யார் வீட்டுக் காய்கறிப் பாத்தியில் எது வாடினாலும் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். அவர் இலையைத் திருப்பிப் பார்த்து, எந்த மருந்து, ஒரு டேங்கிக்கு எத்தனை மூடி என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும்.

அந்த வருடம் தை மாதம் பனியும் வெயிலுமாக மாறி மாறி அடித்ததில் எங்கள் போஞ்சியில் செடிப்பேன் பிடித்தது. விவசாயப் புத்தகங்கள் அதை அழுக்கணவன் என்கின்றன. கொழுந்துகளிலும் இலைக்கு அடியிலும் எள்ளில் பாதி அளவு பச்சைப் பூச்சிகள், ஊசி குத்த இடமில்லாமல் அப்பிக்கொண்டிருக்கும். சாறு போன இலை சுருண்டுகொள்ளும். அவை கழிக்கிற இனிப்பு நீர் விரலில் பிசுபிசுக்கும். அதைத் தேடி எறும்புகள் கம்பில் சாரையாக ஏறும்.

நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகள். மருந்துப் போத்தல்களால் சின்னப் பிள்ளைகளுக்கு என்னென்ன நேரும் என்று ஒரு பயிற்சியில் படங்களோடு காட்டியிருந்தார்கள். அந்தப் படங்கள் என் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால் மாமாவிடம் நேராகவே சொன்னேன்.

“மாமா, பாப்பா தவழுறா. கண்டதையும் வாயில வைக்கிறா. இனிமே பின்னாடி மருந்து அடிக்காதீங்க.”

“மருந்தில்லாம போஞ்சியா? பேன் தின்ன மிச்சத்தத்தான் நீ சமைக்கணும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒங்க பேத்திய விட ஒங்களுக்கு அந்தப் போஞ்சி பெருசா?” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீடுகளில் கேட்டிருக்கும். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் காலையில் டேங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பாத்திக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் அழுதேன். “அப்பாவ மாத்த ஏலாது. நீ பாப்பாவ பத்திரமா பாத்துக்க” என்றார். பின்வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து அடைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட அந்தப் பலகையை எடுத்தவளும் நான்தான். திரும்ப வைக்க மறந்தவளும் நான்தான்.

பாப்பாவின் வாயில் விரலை விட்டு இலையைத் தோண்டி எடுத்தேன். என் அலறலைக் கேட்டு மாமா தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலிருந்து ஓடி வந்தார். முதுகில் இன்னும் டேங்கி.

“நீங்க அடிச்ச மருந்த பாப்பா தின்னுட்டா!”

அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு என்னருகே குனிந்து, “அது மருந்தில்லம்மா. தண்ணி. சவுக்காரத் தண்ணி” என்றார்.

நான் நம்பவில்லை. பழியிலிருந்து தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டேங்கியை இறக்கி, மூடியைத் திறந்து, ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார். முகம் கோணியது. மீசையில் சோப்பு நுரை. அப்போதும் நான், “ஆட்டோவ கூப்பிடுங்க” என்றுதான் சொன்னேன். ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டி வந்தார். டேங்கியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பெண். என்ன மருந்து, போத்தலைக் கொண்டுவந்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். மாமாதான் டேங்கியைத் தரையில் வைத்து, “பெஹெத் நே, டொக்டர் நோனா. சபன் வத்துர விதரய்” என்றார். மருந்தில்லை, சவர்க்காரத் தண்ணீர் மட்டும்தான். டேங்கியில் முன்பு மருந்து கரைத்திருக்கிறீர்களா என்று டொக்டர் விடாமல் கேட்டார். இது புதிது, பழையதை உடைத்துவிட்டேன் என்றார் மாமா. அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். அதே நீல நிறம்தான். ஆனால் வார்கள் புதியவை. அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத் துண்டுகூட இன்னும் உரியவில்லை.

எதற்கும் சாயங்காலம் வரை பிள்ளையை வைத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். பாப்பா பால் குடித்தாள். தூங்கி எழுந்தாள். டொக்டரின் கழுத்தில் தொங்கிய குழாயை இழுத்து விளையாடினாள். ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அவர் சிரித்தார். அதுவரை மூச்சே விடாமல் இருந்தவள் போல ஒரு பெருமூச்சு வந்தது. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?”

“நீ சத்தம் போட்ட மறுநாளே விட்டுட்டேன்மா. சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிருமேன்னு பாத்தேன்” என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“மலையில இருந்து வந்தா குளிக்காம ஒம் புருசன தூக்க மாட்டேன். ஒடம்பெல்லாம் மருந்து. அவன் கைய நீட்டிக்கிட்டு அழுதுகிட்டே நிப்பான். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தூங்கிருவான். இவளயாவது வந்த கையோட தூக்கணும்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு நாங்கள் பாத்திக்குச் சேர்ந்தே போனோம். சவுக்காரத் தண்ணீர் அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டது. அளவு இருவருக்கும் தெரியாது. முதலில் அதிகமாகக் கரைத்ததில் இலையோரம் கருகியது. பிறகு ஒரு வாளிக்குக் கட்டைவிரல் நகமளவு என்று குறைத்தோம். பீச்சுகிற வேகத்திலேயே பாதிப் பேன் உதிர்ந்துவிடும் என்பதால் குழாயை இலைக்கு அடியில் பிடித்து அடிப்போம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். மூன்று நாளைக்கொருமுறை மறுபடியும், ஏனென்றால் தப்பிய பத்து, நூறாகிவிடும். மிக மோசமான நுனிகளைக் கிள்ளித் தண்ணீரில் போடுவோம். எறும்பு ஏறாமல் கம்புகளில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினோம். இனிப்பு நீருக்காகப் பேனுக்குக் காவல் நிற்கும் எறும்புகள் இல்லாத கொடியில் பேன் சீக்கிரம் குறைந்தது.

ஒரு தப்பும் செய்தோம். கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டோடு, குட்டி முதலை மாதிரி ஊர்ந்த சில பூச்சிகளைக் கண்டு, இது வேறு புதுச் சனியன் என்று நான் பத்துப் பன்னிரண்டை நசுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் மாமா பேன் பிடித்த இலையோடு ஜாம் போத்தலில் போட்டு வைத்தார். மறுநாள் இலையில் பேனைக் காணோம். இரண்டு வாரத்தில் அந்தப் போத்தலுக்குள் கறுப்புப் புள்ளி வைத்த சிவப்பு வண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. “மருந்தடிச்சு எத்தனை லச்சம் வண்ட கொன்னுருப்பேனோ” என்று அவர் போத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகு முதலைக்குட்டி இருக்கிற கொடியில் நாங்கள் சவுக்காரத் தண்ணீர்கூட அடிப்பதில்லை. பேனே இல்லாத பாத்தி அதற்குப் பின் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் போஞ்சி காய்த்தது.

மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. நாங்கள் இப்போது ஹட்டனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பல்கனியில் மிளகாயும் ரோசாவும் சட்டிகளில் நிற்கின்றன. பேன் வந்தால் முன்பு போல எனக்கு நெஞ்சு பதறுவதில்லை. வாரம் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்க்கிறேன், தண்ணீர் பீச்சுகிறேன், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த பெருமூச்சின் மிச்சம்தான் இந்த நிதானம் என்று தோன்றும்.

மாமாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது வேறொரு காலைப்பொழுதை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து இரண்டு மாதமிருக்கும். கடைசி வீட்டு அக்கா எங்கள் கொடிகளைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். “மருந்துக்காரரே, போஞ்சி இப்படித் தொங்குதே, என்ன மருந்து அடிக்கிறீங்க?” நான் அடுப்படியில் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். இவர் என்ன சொல்லப்போகிறார்?

“மருந்தா?” என்றார் மாமா, லயம் முழுக்கக் கேட்கிற குரலில். “எங்க வீட்டுல மருந்துன்னா மருமக வாய்தான். அது போட்ட சத்தத்துல பேனெல்லாம் பயந்து ஓடிப்போச்சு. உள்ளதான் இருக்கா, போய்க் கேட்டுக்கங்க, எல்லாம் அவ சொன்ன வழிதான்.”

அந்த அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் அவருக்கு ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, எவ்வளவு சவுக்காரம் என்று காட்டத் தொடங்கினேன். வெளியே மாமா, பாத்தியிலிருந்து வந்தவர் கைகூடக் கழுவாமல், பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தார்.