இரு கட்சி ஆட்டோவிலும் லூர்துராணி

உறையூரில் நான், ஜமால், ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் வந்துவிட்டால் எனக்குக் கட்சி பேதம் கிடையாது. காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. எந்தக் கட்சி விளம்பரமானாலும் பேசுவது லூர்துராணிதான். புத்தூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிக்கிற அதே குரல் ஆடித் தள்ளுபடியையும் கூவும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்ரீரங்கத்தில், என் மைக்செட்டில் அந்தம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தாயோடு சேர்த்து வைத்த தொலைந்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

இந்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் திருட்டுதான் பேச்சு. நாலு வண்டியும் இரண்டு சங்கிலியும் போயிருந்தன. பதவியில் இருந்த கவுன்சிலர் பீமராவ், திருட்டு பாதியாகக் குறைந்துவிட்டது என்று விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவரை எதிர்த்து நின்ற அனுசுயா, இரண்டு மடங்காகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் கணக்கை யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிழைப்பு நடக்குமா? லூர்துராணி முன்னதைச் சிரித்த குரலிலும் பின்னதைத் தழுதழுத்த குரலிலும் படித்தார்.

வியாழக்கிழமை காலை, "அச்சமில்லாத வார்டு, பீமராவ் தந்த வார்டு" என்று படித்து முடித்துவிட்டு லூர்துராணி வெளியே வந்தால், வாசலில் நிறுத்திய தன் ஸ்கூட்டரைக் காணோம். கடைக்குக் கேமரா உண்டு. அதன் முன்னால் இரண்டு கட்சிக் கொடியையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொடி பறந்ததுதான் பதிவாகியிருந்தது.

பதினோரு வருடம் தொண்டை வறளக் கத்திச் சேர்த்து வாங்கிய வண்டி. அது இல்லாமல் ஒரே நாளில் புத்தூர், உறையூர், ஸ்ரீரங்கம் என்று ஓட முடியாது. ஓடாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அந்தம்மா கடைப் படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆளெல்லாம் தேர்தல் பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், பார்க்கிறோம் என்றார்கள். நாங்கள் திரும்புவதற்குள் சேதி பரவிவிட்டது. பீமராவ் வேர்க்க விறுவிறுக்க வந்து, ஓட்டுப்பதிவு முடியும்வரை இதை யாரிடமும் பேச வேண்டாம் என்று கெஞ்சினார். அவர் தெருமுனை திரும்பியதும் அனுசுயா வந்தார். சாயங்காலம் மேடையேறி இதே மாதிரி அழ வேண்டுமாம்; சேலையைக்கூட மாற்ற வேண்டாமாம். வண்டியைத் தேட ஓர் ஆளை அனுப்புகிறேன் என்று இருவரில் ஒருவராவது சொல்ல வேண்டுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"பாய், ரெக்கார்ட் போடுங்க. நாளைக்கு ரெண்டு கட்சி ஆட்டோவும் கிளம்புதுல்ல?"

இரண்டு கட்சிப் பதிவிலும் தன் வண்டியைத் தேடப்போகிறார் என்று புரிந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து என் கடையை மூட வைப்பார்கள் என்றேன். அந்தம்மா காதிலேயே வாங்கவில்லை. காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற அதே நிதானத்தோடு பேசினார்: பச்சை நிற ஸ்கூட்டர், எண் எழுபத்தொன்று இருபத்தெட்டு, முன்னால் வேளாங்கண்ணி மாதா படம், பார்த்தவர்கள் ஜமால் கடைக்குத் தெரிவிக்கவும். இரண்டு கட்சிப் பதிவின் கடைசியிலும் அதை ஒட்டி, அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு, பென்டிரைவ்களைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை பீமராவின் ஆட்டோ, திருட்டு பாதியாகக் குறைந்தது என்று முழங்கிய கையோடு திருட்டுப்போன ஸ்கூட்டரைத் தேடியது. பஸ்ஸுக்கு நின்ற ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னாலேயே அனுசுயாவின் ஆட்டோவும் வந்து அதே ஸ்கூட்டரைத் தேடியது. ஐந்து வருடத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பத்து மணிக்கு என் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. திட்டுவதற்கு அழைத்த கட்சிக்காரர்களுக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்தது. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் மாரியாயி என்று சொன்னார்.

"விடிஞ்சதுலேர்ந்து இதையே கேட்டுக் காது புளிச்சுப்போச்சுங்க. அந்த வண்டி நேத்துலேர்ந்து எங்கடைக்குப் பின்னாடிதான் நிக்குது. மாதா படமும் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க."

பெட்ரோல் தீர்ந்ததும் திருடன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். லூர்துராணி எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிற ஆள். அந்தக் கஞ்சத்தனத்தை நான் எத்தனை தரம் கிண்டல் செய்திருப்பேன்! வண்டியைக் கண்டதும் அந்தம்மா மாரியாயியைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண்ணில் நீர் கட்டியது. சின்ன வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தால் பீமராவும் அனுசுயாவும் காத்திருந்தார்கள். சண்டைக்கு நிற்கிறார்கள் என்று பயந்தேன். சண்டையில்லை, ஆளுக்கொரு தாள். ஒரே நாளில் வண்டியை மீட்ட நிர்வாகம் என்றது பீமராவின் தாள். எங்கள் முழக்கத்துக்கு அஞ்சி ஓடிய திருடன் என்றது அனுசுயாவின் தாள். உடனே பதிவு செய்து தர வேண்டும் என்றார்கள்.

லூர்துராணி இரண்டையும் மனசுக்குள் படித்தார். மடித்து அவரவர் கையிலேயே கொடுத்தார்.

"இத்தனை வருஷமா நீங்க எழுதிக் குடுத்ததெல்லாம் படிச்சேங்க. நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது, படிச்சேன். இது எனக்குத் தெரியுமே."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.