ஒடியல் கடகத்துக்குள் ரேடியோ

பேத்தியின் கைபேசியில் பாட்டு நிலையம் இரவு பகல் ஓய்வதில்லை. அந்த நாளில் கொழும்புப் பாட்டு நிலையம் முற்பகலில் வாய் மூடிவிடும், மத்தியானம்தான் திரும்பத் துவங்கும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "சத்தியமாவோ?" என்று என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

மடத்துவெளியில் எங்கள் ஒழுங்கையில் முதலில் ரேடியோ பாடியது எங்கள் வீட்டில்தான். இதை இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்வேன். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த அப்பு கடையை விட்டு ஊரோடு வந்தபோது கொண்டுவந்த பற்றரி ரேடியோ அது. அப்பு என்று நாங்கள் கூப்பிட்ட என் தகப்பனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. வேலிச் சண்டை என்றால் இரண்டு பக்கத்தாரும் அவர் சொல்லுக்குத்தான் வந்து நிற்பார்கள். ரேடியோவின் குமிழை அவரைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. அரசாங்கத்துக்குக் காசு கட்டி எடுக்கும் ரேடியோ லைசென்ஸ் மட்டும் எடுக்கவில்லை. "காத்தில வாற பாட்டுக்கு ஆருக்கடி வரி?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

ஒருநாள் காலை பாட்டைப் போட்டுவிட்டு அப்பு தோட்டத்துக்குப் போய்விட்டார். நிலையம் தன்பாட்டில் ஓய்ந்தது. மிச்சமிருந்த இரைச்சலைக் கடற்காற்று விழுங்கிவிட்டது. ரேடியோ நின்றுவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். மத்தியானம் அப்பு வந்து கால் கழுவும்போது, பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, லைசென்ஸ் பாக்கிறவர் ஒழுங்கைக்குள்ள வாறார்!"

அம்மா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி, அடுப்படியில் காய்ந்த பனங்கிழங்கு போட்டுவைத்திருந்த ஒடியல் கடகத்துக்குள், அந்த ஓலைப் பெட்டிக்குள், வைத்துச் சாக்கால் மூடினார்.

வந்தவர் கதிரையில் இருந்துகொண்டு மரியாதையாகத்தான் கேட்டார். "ரேடியோ இருக்கோ அண்ணை?"

"இல்லை."

"பாட்டுக் கேக்குது எண்டு சொல்லிச்சினம்."

வேலியோரம் சனம் கூடிவிட்டது. அப்பு என்னைக் கிட்ட இழுத்து, என் தலையில் கை வைத்தார்.

"இந்தப் பிள்ளையாணை, என்ர வீட்டில ரேடியோ இல்லை."

கையை இன்னும் எடுக்கவில்லை. குசினிக்குள் வாத்தியம் முழங்கியது. பின்னால் ஒரு பெண்குரல் நேயர்களுக்கு வணக்கம் சொன்னது.

"அப்பு, நிலையம் துவங்கிட்டுது!" என்று நான் கைதட்டினேன்.

"ஒடியல் பாடுதடா!" என்று வேலிக்கு அப்பால் ஒருவர் கத்த, சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வந்தவர் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை. என்னை ஒருதரம் பார்த்தார். "கெதியா லைசென்ஸை எடுங்கோ அண்ணை," என்று எழும்பிப் போனார். தண்டம் அடித்திருந்தால் அப்புவுக்கு மனம் ஆறியிருக்கும்.

லைசென்ஸ் வந்தது. ஆனால் வேலிச் சண்டைக்குக் கூப்பிட்டால், "எனக்கு ஏலாது" என்றுவிடுவார். அதற்குப் பிறகு என் தலையையும் அவர் தொடவில்லை. காய்ச்சல் என்றால் அம்மாதான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கைதட்டி மானத்தை வாங்கியவள் நான்தானே என்று கூனிக் குறுகித் திரிந்தேன். என் கலியாணத்திலும், தலையில் வைத்து ஆசீர்வதிக்க வேண்டிய அறுகரிசியை அப்பு எட்ட நின்றே போட்டார். அரிசி என் மடியில்தான் விழுந்தது. அந்த ரோசத்தில் நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் எழும்பிவிட்டேன்.

அப்புவின் செத்த வீட்டில்தான் அம்மா வாய் திறந்தார். பொய்ச் சத்தியம் செய்த கை பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அந்த மனுசன் கடைசிவரை பயந்திருக்கிறார்.